சிவகிரிக்கு வந்த மஞ்சள் பாட்டில்

லெஸ்டர், இங்கிலாந்து
4.3.2018

அன்புள்ள அண்ணனுக்கு மைனாவதி எழுதுவது.

இங்கே நானும் மகன் வீட்டாரும் சுகம். குளிர் இன்னும் விட்டபாடில்லை. நம்மூர் வெயிலை நினைத்துக்கொண்டே இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திரிகிறேன். அங்கே நீங்களும் நங்கையாவும் சுகமா? அண்ணியை நான் நங்கையா என்று சொல்வதைக் கேட்டு இங்கே பேத்தி சிரிக்கிறாள். மில்லில் மஞ்சளுக்கு மெருகு ஏற்றும் ஓட்டம் எப்படிப் போகிறது?

போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் காதில் விழுகிறது. இத்தனை வருஷம் மஞ்சள் உருட்டும் அந்த டிரம்மின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்றதற்குக் கிடைத்த கூலி. போன வாரம் நான் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நீங்கள் மூட்டைக்கு நல்ல விலைதான் என்றீர்கள். இனி உங்களோடு பேச்சு கடிதத்தில்தான்.

நங்கையா எல்லாம் சொன்னார்கள். மஞ்சள் ஏலத்தில் சாக்குக்குப் பக்கத்தில் குத்தவைக்க முடியாமல், நின்ற வாக்கிலேயே மேலாகக் கையை விட்டு விரலி மஞ்சளை எடுத்துப் பார்க்கிறீர்களாமே. தை மாதம் நான் வருகிறேன், ஏழு வருஷம் கழித்து. தைப்பூசத்துக்குச் சென்னிமலைக்கு நடந்தே ஏறுவோம் என்று போன தடவை கோயமுத்தூர் விமான நிலையத்தில் சொன்னது நீங்கள்தான். பஸ்ஸில் ஏறிப் போய் இறங்குவதாக இருந்தால் எனக்கு வேண்டாம்.

பக்கத்துத் தெரு பெருந்துறைக்காரர் ஊருக்கு வருகிறார். அவரிடம் ஒரு பாட்டில் கொடுத்து அனுப்புகிறேன். பிரித்ததும் சிரிக்காதீர்கள். மஞ்சள் மாத்திரை. மஞ்சளின் சத்தை மட்டும் தனியே இறக்கி, அது உடம்பில் நன்றாக ஒட்ட மிளகின் சத்தையும் சேர்த்திருக்கிறார்களாம். என்னோடு நீச்சல் குளத்துக்கு வரும் மார்கரெட் என்ற அம்மாள் இதைச் சாப்பிட்டு இப்போது கம்பியைப் பிடிக்காமல் படி ஏறுகிறாள். நாளுக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் போட்டிருப்பதாக மகன் படித்துச் சொன்னான். உங்களுக்குத்தான் ஒரு மருந்தும் கிடையாதே.

நங்கையாவுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
மைனா


சிவகிரி
26.3.2018

அன்புத் தங்கை மைனாவுக்கு, அண்ணன் சென்னியப்பன் ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கே யாவரும் சுகம். உன் சுகத்துக்கும் மகன், மருமகள், பேத்தி சுகத்துக்கும் எழுது.

பாட்டில் வந்து சேர்ந்தது. மில்லில் எல்லாரையும் கூப்பிட்டு, நடுவில் வைத்துக் காட்டினேன். மூட்டை தூக்கும் மாரப்பன் அதை வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மொதலாளி, இது நாம அனுப்புன சரக்குத்தானுங்களா? போறப்ப லாரியில போச்சு, வாரப்ப சீசாவுக்குள்ள அடங்கி வந்திருக்குது" என்றான். அன்றைக்கு முழுக்க யாருக்கும் வேலை ஓடவில்லை.

அம்மிணி, மாசி பிறந்ததிலிருந்து நான் மூச்சு விட்டால் மஞ்சள், தும்மினால் மஞ்சள். உன் நங்கையா என் துணியைத் தனியாகத்தான் துவைக்கிறாள். என் உள்ளங்கையைத் தட்டி ஒரு பொட்டலம் கட்டி அனுப்பினால் மார்கரெட் அம்மாளுக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். எனக்கு மாத்திரையா?

முட்டிக்கு ஒன்றும் இல்லை. ஏலத்தில் நின்றுகொண்டே பார்ப்பது ஒரு கௌரவத்துக்காக. பாட்டிலைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். கடல் தாண்டி வந்த மஞ்சளுக்கு மரியாதை கொடுக்க வேண்டும் அல்லவா.

இந்த வருஷம் விரலி அருமையாக வந்திருக்கிறது. முறித்தால் உள்ளே செக்கச் சிவந்த மஞ்சள். நீ இருந்தால் பார்த்திருப்பாய்.

உன் அண்ணன்
சென்னியப்பன்


லெஸ்டர்
14.4.2018

அன்புள்ள அண்ணனுக்கு,

சித்திரை பிறந்த நாளும் அதுவுமாக எழுதுகிறேன். நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டால் நீங்கள் உண்மையைச் சொல்லப்போவதில்லை, அதனால் கேட்கவில்லை.

கௌரவத்துக்காக நிற்கிறீர்களா? ஏலத்தில் ஒருநாள் வீம்புக்குக் குத்தவைத்துவிட்டு எழுந்திருக்க முடியாமல், மாரப்பன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டானாம். அதை எழுத உங்கள் பேனாவில் மை இல்லாமல் போய்விட்டது.

பாட்டில் வேண்டாமென்றால் மாரப்பனுக்குக் கொடுத்துவிடுங்கள். அவனாவது தைக்கு என்னோடு மலை ஏறட்டும். நீங்கள் அடிவாரத்தில் எங்கள் செருப்புக்குக் காவல் இருங்கள்.

நங்கையாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

மைனா


சிவகிரி
27.5.2018

அன்புத் தங்கை மைனாவுக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். நீ சித்திரையில் எழுதியதற்கு இப்போதுதான் பதில் போடுகிறேன். மெருகு ஓட்டம் ஓயவில்லை.

பாட்டிலை மாரப்பனுக்குக் கொடுக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கே ரோஷம் வந்து, சோற்றுக்குப் பிறகு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். உன் நங்கையா சம்பூரணம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும். வைகாசி பிறந்தது, முட்டியில் இருந்த குத்தல் எங்கே போனது என்று தெரியவில்லை. போன ஏலத்தில் மொடக்குறிச்சி பழனிவேல் பார்க்கப் பார்க்கக் குத்தவைத்து உட்கார்ந்தேன். சாக்கின் அடியில் கையை விட்டு எடுத்து, முறித்து, மோந்து பார்த்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்தேன். என் முட்டி போன வருஷமே போய்விட்டது என்று சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவன். அவன் முகம் போன போக்கை எழுதிக் காட்ட முடியாது.

உன் நங்கையாவுக்கும் சந்தோஷம். என் முட்டியைத் தேய்த்துவிடும் வேலை அவளுக்கு மிச்சம்.

இந்தப் பாட்டில் தீரப்போகிறது. இன்னும் இரண்டு மூன்று அனுப்பு. அளவு கிளவு என்று அதில் போட்டிருப்பதெல்லாம் அந்த ஊர் உடம்புக்கு எழுதியது. அவர்கள் மஞ்சளைக் கண்டதே நேற்றுத்தான். நம்முடையது பிறந்த அன்றிலிருந்து மஞ்சளில் ஊறிய உடம்பு.

சென்னிமலைக்கு நடந்துதான் ஏறுகிறோம். வழியில் உனக்கு மூச்சு வாங்கினால் நான் நிற்கமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

சென்னியப்பன்


லெஸ்டர்
15.6.2018

அன்புள்ள அண்ணனுக்கு மைனா எழுதுவது.

எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தை மகனுக்கும் மருமகளுக்கும் படித்துக் காட்டினேன். பழனிவேலின் முகம் போன இடத்தில் படிக்க முடியாமல் சிரித்துவிட்டேன். மார்கரெட்டிடமும் சொன்னேன். மஞ்சள் விளைகிற ஊருக்கே தன் மஞ்சள் போய் வேலை செய்திருக்கிறது என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று பாட்டில் அனுப்பியிருக்கிறேன். நாளுக்கு ஒன்று என்றால் முதல் பாட்டில் இதற்குள் எப்படித் தீரும் என்று மகன் கேட்டான். மாரப்பனுக்கும் பங்கு கொடுத்திருப்பார், எங்கள் அண்ணன் தனியாகத் தின்கிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று. பொங்கலுக்கு முன்பே அங்கே இருப்பேன். ஏழு வருஷம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. இனி இருக்கும் ஏழு மாதம்தான் நகரமாட்டேன் என்கிறது.

நங்கையாவுக்கு ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறேன். சொல்லிவிடாதீர்கள்.

மைனா


சிவகிரி
12.8.2018

அன்பு மைனாவுக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல். பாட்டில்கள் எப்போதோ வந்துவிட்டன. எழுத நேரமாகிவிட்டது.

ஆடி பிறந்ததுமே மில்லைச் சாத்திவிட்டேன். சரக்கு வரத்து இல்லை. டிரம்முக்கு எண்ணெய் விட்டு, தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. மாரப்பன் தோட்டங்காட்டு வேலைக்குப் போகிறான். நான் வீட்டில்தான்.

வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்குச் சம்பூரணம் கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். அந்த வாசனையே ஆகவில்லை. மோர்ச்சோறு இரண்டு கவளம் தின்றுவிட்டுப் படுத்தேன். மத்தியானம் படுத்தால் பொழுது சாயத்தான் எழுகிறேன். வேலை இல்லாத உடம்பு அப்படித்தான். கை கால் எல்லாம் ஒரே நமைச்சல் வேறு. மஞ்சள் தூசி. இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போதுதான் அதற்கு என் மேல் கோபம் வந்திருக்கிறது. சவரம் பண்ண வந்த ராசு, "மில்ல மூடியும் உங்க மேல மஞ்ச போகலீங்களே, எத்தன சோப்புப் போட்டாலும் அப்படியே இருக்குதுங்" என்று சிரித்தான்.

முட்டி அருமையாக இருக்கிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை.

சென்னியப்பன்


லெஸ்டர்
24.8.2018

அண்ணா,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைக் காலையிலிருந்து திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். மில்லை மூடி ஒரு மாதம் ஆகிறது என்கிறீர்கள். ராசு உங்கள் மேல் மஞ்சள் போகவில்லை என்கிறான். மூடிய மில்லிலிருந்து தூசி எப்படி வரும்?

நங்கையாவுக்குப் போன் செய்தேன். தூங்குகிறார் என்றார்கள். மறுநாள் செய்தேன், தூங்குகிறார். நேற்றும் அதே. பகலில் தூங்குகிற மனிதரா நீங்கள்? சுகமாகத்தான் இருக்கிறார் என்று நங்கையா சொன்னார்கள். அவர்கள் குரல் சுகமாக இல்லை. இன்றைக்கு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நங்கையா, இந்தக் கடிதம் உங்களுக்கும்தான். அண்ணனைப் பகல் வெளிச்சத்தில் வாசலில் நிறுத்தி, இமையை விலக்கிக் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் அது தூசி இல்லை. உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போகும்போது நான் அனுப்பிய மஞ்சள் மாத்திரைப் பாட்டிலையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். சத்து இறக்கிய மஞ்சள் மாத்திரை, மிளகு சேர்த்தது, எப்போதிருந்து சாப்பிடுகிறார், ஒரு நாளைக்கு எத்தனை என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லும் வரைக்கும் ஒன்றைக்கூட வாயில் போட வேண்டாம். மகன் பாட்டிலின் பின்னால் இருந்த சின்ன எழுத்தைப் படித்தான். ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்று போட்டிருக்கிறது. நான் அதை முதலிலேயே படிக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வெறும் பயமாகப் போகட்டும். அப்படியானால் என்னைத் திட்டிப் பதில் போடுங்கள், நான் சந்தோஷமாகப் படிக்கிறேன்.

மைனா


ஈரோடு
12.9.2018

அன்புள்ள மைனாவுக்குச் சம்பூரணம் எழுதுவது.

வழக்கம்போல நலம், நலமறிய ஆவல் என்று எழுத முடியவில்லை. ஈரோட்டில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அண்ணன் உள்ளே படுத்திருக்கிறார். நீ போன் செய்தபோதெல்லாம் நான் பொய்தான் சொன்னேன். "சொன்னா அழுதுட்டு ஓடி வருவா, தைக்கு வாரவளத் தைக்கே வரவிடு" என்று அவர் என் வாயைக் கட்டிவிட்டார், பிறகு உன் போனை எடுக்கவும் விடவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் புறப்பட்டு, வெள்ளை வேட்டி சட்டையோடு வாசலுக்கு வந்தார். அப்போதுதான் பார்த்தேன். சட்டையின் வெள்ளைக்குப் பக்கத்தில் கண்ணும் கழுத்தும் அப்படி ஒரு மஞ்சள். மஞ்சளோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். என் வீட்டுக்காரர் மஞ்சளாக இருந்தால் சந்தேகப்பட எனக்குத் தெரியவில்லை, மைனா. காமாலை என்று கீழாநெல்லியை அரைத்து மோரில் ஒரு வாரம் கொடுத்தேன். குறையவில்லை. ஒருநாள் குளிக்கப் போனவர் தலை சுற்றி விழுந்தார், இங்கே கொண்டுவந்து சேர்த்தோம்.

கிருமியா, கல்லா, குடியா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எதுவும் இல்லை. ஆனால் ரத்தத்தில் அந்தக் காமாலைக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. வேறு மருந்து, லேகியம் ஏதாவது சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். கீழாநெல்லியைச் சொன்னோம். பாட்டிலைச் சொல்லவில்லை. மறைத்தோம் என்று நினைக்காதே. அது மருந்து என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. குழம்புக்கு உப்புப் போட்டதை யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா?

உன் கடிதத்தை மாரப்பன் இங்கே கொண்டுவந்து கொடுத்தான். உன் அண்ணனுக்குத்தான் காது மந்தமாயிற்றே, பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். பாட்டிலைக் காட்டுங்கள் என்று நீ எழுதிய இடம் வந்தபோது டாக்டர் கதவோரம் நின்றிருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

"அத மறுபடியும் படிங்கம்மா" என்றார். படித்தேன்.

"அந்தப் பாட்டில் எங்க இருக்கு?"

"டிபன் பையிலதானுங்."

"இங்க வந்த பொறவுமா குடுத்தீங்க?"

"சோத்துக்குப் பொறவு ஒண்ணு, மூணு நேரமும் குடுத்தனுங். மஞ்சதானுங்களே."

அவர் திட்டவில்லை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆமாம் மைனா, மூன்று நேரமும். ஒன்றில் நன்றாக இருக்கிறதே, மூன்று போட்டால் மலையையே ஓடி ஏறலாம் என்றார் உன் அண்ணன். நம் உடம்புக்கு மஞ்சள் என்ன செய்துவிடும் என்று நானும் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். என் கையால்.

அன்றோடு நிறுத்திவிட்டோம். இப்போது கணக்கு மேலே ஏறவில்லை. இறங்கவும் இல்லை. இறங்கும், பொறுத்திருந்து பாருங்கள் என்கிறார் டாக்டர்.

நீ அனுப்பினாய் என்று நான் எதுவும் சொல்லவில்லை. வேறு எழுத என்ன இருக்கிறது.

சம்பூரணம்


லெஸ்டர்
22.9.2018

அன்புள்ள நங்கையாவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அண்ணன் எப்படி இருக்கிறார்? மாரப்பன் போனில் தினமும் சொல்கிறான், நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். நான் அனுப்பியதுதான். முதல் பாட்டில் சீக்கிரம் தீர்ந்ததே என்று மகன் கேட்டபோது யோசிக்காமல் இன்னும் மூன்றை அனுப்பியவளும் நான்தான். உங்கள் கையால் கொடுத்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் கையிலிருந்துதானே உங்கள் கைக்கு வந்தது.

இப்போதே புறப்பட்டு வரட்டுமா? இல்லை, தைக்கும் வர வேண்டாமா? அண்ணன் வா என்றுதான் சொல்வார், அவரைக் கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் வருகிறேன். நீங்கள் சொல்லாமல் அந்த வீட்டு வாசற்படி ஏற எனக்குக் கால் வராது.

மைனா


சிவகிரி
14.11.2018

அன்புத் தங்கை மைனாவுக்கு, அண்ணன் உயிரோடு இருந்து ஆசீர்வதித்து எழுதுவது.

புரட்டாசிக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். நேற்றுக் கஞ்சியை விட்டுச் சோற்றுக்கு வந்தேன். தீபாவளிப் பலகாரத்தைக் கண்ணால் மட்டும் தின்றேன். கணக்கு இறங்கிக்கொண்டு வருகிறது. நமைச்சல் போய்விட்டது. கறிக்குழம்பு வாசனை மறுபடியும் மணக்கிறது, அதனால் நான் பிழைத்துவிட்டேன் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

முதலில் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ ஒன்று என்று எழுதினாய், பாட்டிலில் ஒன்று என்று இருந்தது, நான் மூன்று போட்டேன். ஊருக்கெல்லாம் மஞ்சள் பார்த்துச் சொல்கிறவனுக்கு ஒரு பாட்டில் அளவு சொல்வதா என்கிற திமிர். நீ இதில் ஒரு சொட்டுக்கூட அழக் கூடாது. உன் கடிதம் வராதிருந்தால் உன் நங்கையா அந்த மாத்திரையை இன்றைக்கும் இட்லிக்குப் பின்னால் கொடுத்துக்கொண்டுதான் இருப்பாள். நானும் விழுங்கிக்கொண்டுதான் இருப்பேன், இருந்திருந்தால்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது டாக்டரிடம், "மஞ்சளே ஆகாதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க, ஊருக்குள்ள தலை காட்ட முடியாதுங்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"கொழம்புல போடுங்க, ரசத்துல போடுங்க, பாலுல ஒரு சிட்டிக போட்டுக் குடிங்க. யாரு வேண்டான்னாங்க? அந்த மாத்திர வேற சமாச்சாரம். ஒரு கை மஞ்சளோட சத்த ஒரு மாத்திரைக்குள்ள அடைச்சிருக்காங்க. கொழம்பு மஞ்ச பெரும்பாலும் உள்ள போன வேகத்துல வெளிய போயிரும். இதப் போகவிடாம மொளகுச் சத்து புடிச்சு வெக்குது."

முட்டி வலிக்கு அது நிறையப் பேருக்கு உதவுகிறது, அதில் பொய் இல்லை என்றார். என் முட்டி குணமானதும் பொய் இல்லை. ஆனால் ஒரு சிலருடைய ஈரல் அதை ஏற்றுக்கொள்வதில்லையாம். யாருடைய ஈரல் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்று சாப்பிட்டும் காமாலை வந்தவர்கள் இருக்கிறார்கள், மூன்றாகப் போட்டுக்கொண்டது வம்பை விலைக்கு வாங்கியது போல என்றார். இனி ஆயுசுக்கும் நான் அந்த மாத்திரைப் பக்கம் தலைவைக்கக் கூடாது. முட்டிக்குக் காலை நீட்டி மடக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டிலில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பையன் மாதிரி செய்கிறேன். உடம்பு இளைத்ததில் முட்டிக்குப் பாரம் குறைந்திருக்கிறது, அந்த மட்டுக்கும் லாபம்.

மொடக்குறிச்சி பழனிவேல் பார்க்க வந்தான். ஆரஞ்சு வாங்கி வந்து, சம்பூரணம் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். அதே சரக்கு, வேறு கம்பெனி. நான் ஏலத்தில் எழுந்து நின்ற அன்றைக்கே மாரப்பனை விசாரித்து வாங்கிச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறான். அவனோ நெஞ்சடைப்புக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற ஆள். அதோடு இது சேர்ந்தால் ரத்தம் நிற்காமல் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரருக்கு டாக்டர் சத்தமாகச் சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது. "இந்தப் பாட்டிலையும் உன்ற ரத்த மாத்திரையையும் எடுத்துட்டு இப்பவே உன்ற டாக்டர்கிட்டப் போடா" என்று ஆரஞ்சோடு திருப்பி அனுப்பினேன். போனான். டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டாராம். இப்போது சந்தையில் என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுகிறானாம். உலகம் இருக்கும் இருப்பைப் பார்.

உன் நங்கையா ஏன் பதில் போடவில்லை என்று என்னைக் கேட்காதே. உன் பேச்சை எடுத்தால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கூடுகிறது. கோபம் உன் மேல் என்று நான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தன் கையால் எடுத்துக் கொடுத்தது அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

சென்னியப்பன்


லெஸ்டர்
29.11.2018

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன், அழக் கூடாது என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில்தான் அதிகமாக. இங்கே எல்லாரும் சுகம். மார்கரெட் உங்களை விசாரித்தாள். அவள் ஒன்றுதான் சாப்பிடுகிறாள், ஆனாலும் போய் ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொண்டாள். ஒரு கோளாறும் இல்லை.

டிக்கெட் இன்னும் கையில்தான் இருக்கிறது. ரத்து செய்யவும் இல்லை, பெட்டி கட்டவும் இல்லை. நங்கையாவுக்கு எடுத்த சால்வை அலமாரியில் இருக்கிறது. அவர்களை எதுவும் கேட்காதீர்கள், அவர்களாகச் சொல்லட்டும்.

கால் பயிற்சியை விடாதீர்கள்.

மைனா


சிவகிரி
24.12.2018

அன்புள்ள மைனாவுக்கு, நங்கையா சம்பூரணம் எழுதுவது.

நாங்கள் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமா? இந்த வரியை எழுத எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

நேற்று ஈரோட்டுக்குப் போய்க் கடைசியாக ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, இனி வர வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன தடவை போலில்லாமல் இந்தத் தடவை அவர் கேட்பதற்கு முன்பே உன் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். காலையில் காப்பி, மத்தியானம் ரசத்தில் மிளகு, ராத்திரி பாலில் மஞ்சள் ஒரு சிட்டிகை என்று ஒப்பித்தார். உப்பையும் விடவில்லை. டாக்டர் போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கண்ணாடி முன்னால் போய் நின்று இமையை விலக்கிப் பார்த்தார். "சம்பூரணம், இங்க வா. பாரு, வெள்ள. சுத்த வெள்ள" என்றார். விரலியை முறித்து நிறம் இருக்கிறதா, நிறம் இருக்கிறதா என்றே வாழ்நாளெல்லாம் பார்த்த மனுஷர், நிறம் இல்லை என்று அப்படிச் சந்தோஷப்பட்டார். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அன்றைக்குப் பொழுது சாயும்வரை அழுதேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

உனக்குப் பதில் எழுதாதது கோபத்தால்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது உன் மேல் இருந்தது. வீட்டுக்கு வந்தபின் என் மேல் திரும்பியது. யார் மேலாவது கோபப்பட்டால்தான் எனக்குச் சோறு இறங்கியது. இப்போது யார் மேலும் இல்லை. மூன்று பேரும் நல்லதைத்தான் நினைத்தோம், கேட்க வேண்டிய ஒருத்தரைக் கேட்காமல் நினைத்தோம், அவ்வளவுதான். அதைக் கேட்க வைத்தது உன் கடிதம். அந்தக் கடிதத்தையும் என் கையால்தான் பிரித்து, என் வாயால்தான் படித்தேன். நேற்று ராத்திரி அது நினைவுக்கு வந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறியது.

மிச்சமிருந்த மாத்திரைகளைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டேன். பாட்டிலைத் தூக்கி எறியப் போனேன், மனசு வரவில்லை. வெந்நீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, நம் மில் மஞ்சள் தூளைப் போட்டு அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன். குழம்புக்கு அதிலிருந்துதான் ஒரு சிட்டிகை எடுக்கிறேன். இங்கிலீஷில் என்னவோ எழுதியிருக்கிற பாட்டிலில் சிவகிரி மஞ்சள் இருப்பதைப் பார்த்து மாரப்பன் தினமும் சிரிக்கிறான்.

மலைக்கு மூன்று பேருமாக நடந்தே போகிறோம். வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டுவிட்டேன். உனக்கு மூச்சு வாங்கினால் நிற்கமாட்டேன் என்று எழுதினாராமே. அவர் நிற்கிற இடத்திலெல்லாம் நாம்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பெட்டியில் மருந்து மாத்திரை எதையும் வைக்காதே. அந்தச் சால்வையைப் பற்றி அவர் எப்போதோ சொல்லிவிட்டார், அதை மட்டும் எடுத்துக்கொண்டு வா. பொங்கலன்று குழம்பு நீதான் வைக்க வேண்டும். பாட்டில் மேடையிலேயே இருக்கிறது. உன் கையால் எடுத்துப் போடு, உன் அண்ணனுக்கு என் கையால் பரிமாறுகிறேன்.

உன் நங்கையா
சம்பூரணம்